தாழ்ந்த தளத்துக்கும் கடைக்கால் வேண்டும்

நம் வீடுகளுக்குத் திண்ணை எப்படியோ, அமெரிக்க வீடுகளுக்கு ‘டெக்’ எனப்படும் மரத்தளம் அப்படி. திண்ணை தெருவைப் பார்த்திருக்கும். டெக் கொல்லைப்புறத்தில் அமைந்திருக்கும். தரையில் ஊன்றிய கால்கள், அவற்றின்மேல் உத்திரங்கள், உத்திரங்களின்மேல் சட்டங்கள், சட்டங்களின்மேல் பலகைகள்: இவ்வளவுதான் அதன் அமைப்பு. கோடை மாலைகளில் குடும்பம் கூடி உண்பதும் உரையாடுவதும் இதன்மேல்தான். வீட்டுக்காரரே விடுமுறை நாட்களில் தம் கையால் இதைக் கட்டிக்கொள்வதும் உண்டு.

‘இரண்டடி உயரத் தளந்தானே, இதற்கு என்ன கணக்கு?’ என்று எண்ணத் தோன்றும். ஆனால் உயரம் குறைந்ததால் சுமை குறைவதில்லை; மண்ணும் தன் குணத்தை மாற்றிக்கொள்வதில்லை. இதை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம்.

சுமையும் மண்ணும்

12 அடி நீளம், 10 அடி அகலம் உள்ள தளத்தின் பரப்பு 120 சதுர அடி. மனிதர், மேசை, நாற்காலி ஆகியவற்றுக்காகச் சதுர அடிக்கு 40 பவுண்டும், மரத்தின் சொந்த எடைக்காக 10 பவுண்டும் கொள்வது அங்குள்ள வழக்கம். ஆக மொத்தச் சுமை 6,000 பவுண்டு. நீளவாட்டில் இரு ஓரங்களிலும் இரண்டு உத்திரங்கள் தாங்கினால், ஒன்றுக்கு 3,000 பவுண்டு. ஓர் உத்திரத்துக்கு மூன்று கால்கள் கொடுத்தால், ஓரக் கால்கள் 750 பவுண்டு வீதமும், நடுக்கால் ஏறத்தாழ 1,500 பவுண்டும் சுமக்கும். நடுக்காலின் பங்கு இருமடங்கு என்பதைக் கவனிக்க வேண்டும்.

சாதாரணக் களிமண் சதுர அடிக்கு 1,500 பவுண்டு தாங்கும் என்று கொண்டால், நடுக்காலின் அடியில் ஒரு சதுர அடிப் பரப்பாவது தேவை. 14 அங்குல விட்டமுள்ள வட்டக் கான்கிரீட் அடித்தளம் அதற்குப் போதும்.

சட்டத்தை நிறுத்தி வைப்பது ஏன்?

யங் குணகம் காணும் சோதனையில் சட்டத்தின் நடுவே எடை தொங்கவிட்டு அதன் தாழ்வை அளக்கிறோம். தாழ்வு, நீளத்தின் மும்மடிக்கு நேர் விகிதத்திலும் தடிப்பின் மும்மடிக்கு எதிர் விகிதத்திலும் இருக்கும். அங்கே விற்கப்படும் ஒருவகைச் சட்டம் ஒன்றரை அங்குலத்துக்கு ஏழேகால் அங்குலம். அதைப் படுக்க வைப்பதைவிட நிறுத்தி வைத்தால் விறைப்பு சுமார் 23 மடங்கு ஆகிறது. மரம் அதே; விலையும் அதே. இத்தகைய சட்டங்களை 16 அங்குல இடைவெளியில் அடுக்கினால் நம் தளத்துக்குப் பத்துச் சட்டங்கள் வேண்டும்.

உறைபனியின் வேலை

குளிர் மிகுந்த மாநிலங்களில் பெரும் பகை பாரமன்று, நீர். குளிர்காலத்தில் மண்ணின் மேற்பகுதி உறைகிறது. நீர் உறையும்போது பருமன் 9 விழுக்காடு அளவுக்குக் கூடும் என்பது நாம் படித்ததே. அதற்கும் மேலாக, மண்ணின் நுண்துளைகள் வழியே கீழிருந்து நீர் ஏறி வந்து பனிப்படலங்களாகத் திரண்டு, மேலே உள்ளதைத் தூக்கிவிடுகிறது. எனவே மின்னசோட்டா மாநிலத்தின் வடபகுதியில் 5 அடியும், தென்பகுதியில் மூன்றரை அடியும் கடைக்கால் ஆழம் என விதித்திருக்கிறார்கள்.

ஆகவே திட்டமிடுபவர் முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி, தளத்தை வீட்டோடு பிணைப்பதா, தனித்து நிறுத்துவதா என்பதே. வீட்டின் கடைக்கால் ஆழமானது, அசையாது. அதோடு பிணைத்த தளத்தின் கால்கள் மட்டும் எழும்பினால் இணைப்பு பிளக்கும். பிணைப்பதானால் உறையாத ஆழம்வரை தோண்டுவதும், வெறும் ஆணிகளை நம்பாமல் போல்ட்டு கொண்டு முடுக்குவதும் கட்டாயம். ஆணி பிடுங்கி, தளம் சரிந்து, மனிதர் அடிபட்ட விபத்துகள் அங்கே பல. தனித்து நிற்கும் தளமோ எழும்பினால் முழுவதுமாக எழும்பி, பனி உருகியதும் இறங்கிவிடக்கூடும். ஆதலால் அந்நாட்டு மாதிரிக் கட்டட விதி அதற்கு இந்த ஆழத்தை வற்புறுத்துவதில்லை. எனினும் உள்ளூர் விதியைக் கேட்டறிவது நன்று.

தாழ்ந்த தளத்துக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அடியில் காற்றோட்டம் குறைவதால் ஈரம் தங்கி மரம் உளுக்கும். மருந்தூட்டிய மரம், துத்தநாகம் பூசிய ஆணி, பலகைகளுக்கிடையே சிறு இடைவெளி, நீர் வடியும் சரிவு ஆகியவை இதற்கு மருந்து.

நமக்கு என்ன?

நம் ஊரில் உறைபனி இல்லை. ஆனால் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண் உண்டு. மழையில் உப்பி, வெயிலில் சுருங்கி, சுவர்களை அது வெடிக்கச் செய்கிறது. இத்தகைய மண்ணுக்காக ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய அடி பருத்த கான்கிரீட் தூண்கள், பொதுவாக மூன்றரை மீட்டர் ஆழத்துக்கு இறங்குகின்றன. பருவ மாற்றம் பாதிக்காத ஆழத்தில் காலூன்றுவதே இரண்டு நாட்டிலும் கையாளும் வழி.

திண்ணையோ மாட்டுக்கொட்டகையோ, எது கட்டுமுன்னும் மூன்று கேள்விகளைக் கேட்போம்: சுமை எவ்வளவு? மண் எத்தகையது? நீர் எங்கே போகும்? இவற்றுக்கு விடை கண்டபின் மண்வெட்டியை எடுத்தால் போதும்.