எண்ணிக்கை சரியான பின்னும் மாத்திரை எதற்கு?

குயிலாப்பாளையத்திலிருந்தும் மரக்காணம் உப்பளப் பகுதியிலிருந்தும் எங்கள் பிரிவுக்கு வருவோரில், நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து தொடங்கிச் சில மாதங்கள் ஆனவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர்: "வெள்ளணு எண்ணிக்கைதான் சரியாகிவிட்டதே, இன்னும் மாத்திரை எதற்கு?" ஒரு நாள் கூலியை விட்டுப் பேருந்தேறி வருவோரின் நியாயமான கேள்வி அது.

எலும்பு மஜ்ஜையில் குருத்தணுக்கள் உள்ளன. ஸ்டெம் செல் என்று நாங்கள் சொல்வது இவற்றையே. எண்ணிக்கையில் மிகச் சிலவாயினும் சிவப்பணு, வெள்ளணு, தட்டணு மூன்றுக்கும் தாய் இவையே. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். அவ்விழப்பை ஈடுசெய்ய நாள்தோறும் சுமார் 20,000 கோடிச் சிவப்பணுக்கள் பிறக்கின்றன. முதிர்ந்த அணுவில் நேரும் மரபணுப் பிழை பெரும்பாலும் அவ்வணுவோடு மடியும். குருத்தணுவோ நெடுங்காலம் வாழ்ந்து தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்வது. அதில் நேர்ந்த பிழை அதன் வழித்தோன்றல்கள் அனைத்திலும் தொடரும். எல்லா இரத்தப் புற்றுநோய்களும் இவ்வாறு தொடங்குவதில்லை. இந்நோய் இவ்வாறே தொடங்குகிறது.

பிழை இன்னதென்பதும் தெரியும். 1960இல் பிலடெல்பியாவில் நோவெல், ஹங்கர்ஃபோர்டு இருவரும் நோயாளிகளின் அணுக்களில் வழக்கத்துக்கு மாறான சிறு குரோமோசோம் ஒன்றைக் கண்டனர். 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை இடம் மாற்றிக்கொண்டதே காரணம் என 1973இல் ஜேனட் ரவுலி காட்டினார். அதனால் உருவாகும் புரதம் அணுவை ஓயாது பெருகச் செய்கிறது. இது பெற்றோரிடமிருந்து வந்ததன்று; பிள்ளைகளுக்குப் போவதுமன்று. 'என்ன பாவம் செய்தோமோ' என வருந்தும் அன்னையரிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

2001இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இமாடினிப் அப்புரதத்தையே அடக்குகிறது. அதன் காப்புரிமை விண்ணப்பத்தை 2006இல் நிராகரித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமையை மறுத்தது. மாதம் ஒரு இலட்சத்துக்கு மேல் விலை சொல்லப்பட்ட மருந்து இன்று சில ஆயிரங்களுக்குள் கிடைப்பதில் அத்தீர்ப்புக்குப் பங்குண்டு.

இனி அந்தக் கேள்வி. மாத்திரை, பெருகிய வெள்ளணுக்களை விரைவில் ஒழிக்கிறது. மஜ்ஜையில் உறங்கும் நோய்க் குருத்தணுக்கள் சில தப்பிவிடுகின்றன. கோரையை அரிந்தவர்கள் இதை அறிவார்கள்: மேலே புல் இராது, மண்ணுக்குள் கிழங்கு இருக்கும். சாதாரண இரத்தப் பரிசோதனை மேற்புல்லை மட்டுமே காட்டும், அதனால்தான் பி.சி.ஆர். பரிசோதனையை வலியுறுத்துகிறோம்.

பல ஆண்டுகள் நோய் மிக ஆழமாக அடங்கியிருந்தால், சிலருக்கு நாங்களே மருந்தை நிறுத்திப் பார்ப்பதுண்டு. அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு நோய் திரும்புகிறது, அதுவும் பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களுக்குள். நெருங்கிய கண்காணிப்பு இருப்பதால் உடனே மருந்தைத் தொடங்கி அடக்கிவிட முடிகிறது. தாமாக நிறுத்துவோருக்கு அந்தக் காப்பு இல்லை.

கண்ணைச் சுற்றி வீக்கம், கெண்டைக்கால் பிடிப்பு, குமட்டல் ஆகியவை தோன்றினால் மாத்திரையை விடுவதற்கு முன் எங்களிடம் கூறுங்கள். உணவோடும் நிறையத் தண்ணீரோடும் உட்கொண்டால் குமட்டல் குறையும். கருத்தரிக்க விரும்பும் பெண்கள் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். வருவதற்குப் பணமில்லாத மாதத்திலும் தயங்காமல் சொல்லுங்கள். மருந்து விட்டுப்போகாதிருக்க வழி பார்ப்போம்.