எரிவாயுக் கட்டணமும் சரியான அளவும்

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள், நெசவாளர் முதலிய உழைப்பாளிகள் 28 பேர் கூடி அமைத்த சங்கம் ஒரு சிறு கடையைத் திறந்தது. கலப்படமற்ற சரக்கைச் சரியான எடையில் தருவதே அவர்கள் பூண்ட விரதம். அந்நாட்டு இல்லங்களில் இன்று கண்ணால் காணவோ தராசில் நிறுக்கவோ இயலாத ஒரு சரக்கு விலையாகிறது. அதுவே எரிவாயு. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கப் பெரும்பாலான குடும்பங்கள் இதனையே நம்பியுள்ளன. அங்குக் குடியேறிய நம்மவரும் இதற்கு விலக்கல்லர். "அடுத்த வீட்டாருக்குக் குறைவு, நமக்கு மட்டும் ஏன் இத்தனை?" என்ற கேள்வி அங்கே மாதந்தோறும் எழுகிறது.

பவுன் தொகையை மட்டும் பார்த்து இதற்கு விடை காண இயலாது. மீட்டர் காட்டுவது வாயுவின் கன அளவு; விலை போடப்படுவதோ அது தரும் வெப்பத்துக்கு. நாம் மின்சாரத்துக்கு எண்ணுகிறோமே, அந்த யூனிட்தான் இதற்கும் கணக்கு. செலவான கன மீட்டரை 1.02264 ஆலும், வாயுவின் வெப்ப மதிப்பாலும் பெருக்கி, 3.6 ஆல் வகுத்தல் வேண்டும். வெப்ப மதிப்பு சற்றே மாறக்கூடியது. கட்டணச் சீட்டிலேயே அச்சிட்டிருக்கும். அது 39.5 எனக் கொண்டால், 100 கன மீட்டருக்குச் சுமார் 1,122 யூனிட் ஆகும்.

பழைய மீட்டர்களோ நூறு கன அடியை ஓர் எண்ணாகக் காட்டுபவை. அவற்றுக்கு மேலும் 2.83 ஆல் பெருக்கல் உண்டு. புதிய மீட்டரைப் பழையதெனப் பதிந்துவிட்டால், 1,122 யூனிட்டுக்குப் பதில் 3,175 யூனிட்டுக்குப் பணம் கேட்பார்கள்! கெஜத்தையும் மீட்டரையும் குழப்பினால் நெசவாளிக்கு நேரும் நஷ்டத்தைவிட இது பெரிது. இத்தகைய பிழைகள் உண்மையிலேயே நேர்ந்துள்ளன. மீட்டரின் முகப்பில் கன மீட்டர் என்றோ கன அடி என்றோ குறித்திருப்பதைச் சீட்டுடன் ஒத்துப் பார்ப்பதே முதற்காரியம். சீட்டில் கண்ட எண் மீட்டரைப் படித்து எழுதியதா, வெறும் உத்தேசமா என்பதையும் கவனிக்க வேண்டும்.

இரண்டு கம்பெனிகளை ஒப்பிடுவோர் யூனிட் விலையோடு அன்றாட நிலைக்கட்டணத்தையும் சேர்த்துப் பார்ப்பது அவசியம். ஒன்றில் நாளுக்கு 30 பென்ஸ், யூனிட்டுக்கு 6 பென்ஸ். மற்றொன்றில் 20-ம் 7-ம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 3,650 யூனிட்டுக்குக் குறைவாகச் செலவழிப்பவருக்கு இரண்டாவதே லாபம். பெரிய குடும்பத்துக்கு முதலாவது. சொந்தக் கணக்கை ஒப்பிடுவோர் ஜனவரியைச் சென்ற ஜனவரியோடு ஒப்பிட வேண்டுமேயன்றி ஜூலையோடு அன்று.

2019 முதல் அங்கே அரசாங்கக் கட்டுப்பாட்டு ஸ்தாபனம் விலைக்கு உச்சவரம்பு விதித்து வருகிறது. அது யூனிட் விலைக்கும் நிலைக்கட்டணத்துக்கும் உரிய வரம்பேயன்றி மொத்தத் தொகைக்கு அன்று. அதிகம் எரித்தால் அதிகம் கட்டத்தான் வேண்டும். கம்பெனியின் தவறால் கேட்காமல் விடப்பட்ட பழைய பாக்கியில், பன்னிரண்டு மாதங்களுக்கு முற்பட்டதை வசூலிக்கலாகாது என்ற விதியும் 2018 முதல் உண்டு. மீட்டரைப் படிக்க வருபவரை உள்ளே விடாமல் தடுத்தவருக்கு இச்சலுகை கிடையாது.