பழைய ஜீப் பின்பக்கம் சாய்கிறதா?

திமிரி, கலவைப் பகுதிகளில் வேர்க்கடலை மூட்டை ஏற்றும் பழைய ஜீப்புகள், பின்பக்கம் சாய்ந்தோ கோணலாகவோ ஓடுவது வழக்கமான தொல்லை. உடனே புது ஸ்பிரிங் பட்டை வாங்க வேண்டாம். டயர் காற்றைச் சரிபார்த்து, சமதரையில் சுமையின்றி நிறுத்துங்கள். ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடுவரை இருபுறமும் அளந்து பாருங்கள். அளவு வேறுபட்டால் சென்டர் போல்ட் உடைந்து அச்சு நகர்ந்திருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் சுமை ஏற்றுவது ஆபத்து. அளவு ஒன்றாக இருந்தால் யு போல்ட் தளர்வு, ஷேக்கிள் புஷ் தேய்மானம், பட்டையில் விரிசல் ஆகியவற்றைப் பாருங்கள். விரிசல் விட்ட பட்டைக்கு வெல்டிங் வைக்காதீர்கள். சூட்டில் எஃகின் ஸ்பிரிங் தன்மை போய், மீண்டும் உடையும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் நுழையாதீர்கள். சேஸிஸுக்குக் கீழே உறுதியான கட்டைகளை முட்டுக்கொடுங்கள்.