நூலிழையில் தவறினாலும் தோல்விதான்

குலுக்கலில் விழுந்த எண் 437. கையில் இருக்கும் துண்டுச் சீட்டில் 438. "ஒரே ஒரு நம்பர்ல போச்சுண்ணே" என்கிறார் சீட்டு வாங்கியவர். "அடுத்த வாட்டி கண்டிப்பா அடிச்சிரும் பாரு" என்கிறார் விற்றவர். தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு 2003-லேயே தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனாலும் கேரள லாட்டரி முடிவின் கடைசி எண்களை வைத்து நடக்கும் 'மூணு நம்பர்' வியாபாரம் ஒளிவுமறைவாகத் தொடர்கிறது. அதில் கூலிக்காசைத் தொலைத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். முழுதாகத் தோற்ற நாள்கள் அவர்களுக்கு நினைவில் இருக்காது. தொட்டுவிட்டுப் போன நாள்களைத் தேதி வாரியாகச் சொல்வார்கள்.

கணக்குப்படி 438 வைத்திருந்தவரும் 012 வைத்திருந்தவரும் ஒன்றுதான். 000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள். ஒவ்வொன்றுக்கும் ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு. பக்கத்து எண்ணை வாங்கியிருந்ததால் நாளைய குலுக்கலில் வாய்ப்பு ஒரு துளியும் கூடாது. ஆனால் 012 வாங்கியவர் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறார். 438 வாங்கியவர் மறுநாள் நாலு சீட்டு கேட்கிறார். தோல்வி ஒன்றுதான் என்றாலும் மூளை இரண்டையும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதில்லை.

இதை ஆய்வுக்கூடத்தில் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் லூக் கிளார்க்கும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு 2009-இல் 'நியூரான்' இதழில் வெளியானது. கணினித் திரையில் இரண்டு சக்கரங்கள். ஒவ்வொன்றிலும் ஆறு படங்கள். இடப்பக்கச் சக்கரத்தில் ஒரு படம் தேர்வாகும். வலப்பக்கச் சக்கரம் சுழன்று நிற்கும். இரண்டும் பொருந்தினால் 50 பென்ஸ் பரிசு. பொருந்தாமல் ஒரு படம் மேலேயோ கீழேயோ தள்ளி நின்றால் அது 'நூலிழைத் தவறல்'. பதினைந்து பேரை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து ஆட விட்டு, அவர்களுடைய மூளையில் என்ன நடக்கிறது என்று கவனித்தார்கள்.

நிஜமாக வென்றபோது மூளையின் அடியாழத்தில் 'ஸ்ட்ரயேட்டம்' என்ற பகுதியின் கீழ்ப்பாகமும், பக்கவாட்டு மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் 'இன்சுலா' என்ற பகுதியின் முன்பாகமும் விழித்துக்கொண்டன. ஒரு காசும் கிடைக்காத நூலிழைத் தவறலிலும் அதே பகுதிகள் விழித்தன. "இந்த முடிவு உங்களுக்குப் பிடித்ததா?" என்று கேட்டதற்கு, முழுத் தோல்வியைவிட இதுதான் அதிகம் கசந்தது என்றார்கள். "இன்னும் ஆட எவ்வளவு ஆசை?" என்று கேட்டால், ஆசை ஏறியிருந்தது. அதிலும் படத்தைத் தாங்களே தேர்ந்தெடுத்த சுற்றுகளில்தான் அப்படி ஏறியது. கணினி தேர்ந்தெடுத்த சுற்றுகளில் ஏறவில்லை. அதாவது, 'என் கையால் நடந்தது' என்ற எண்ணம் இருந்தால்தான் இந்தத் தூண்டில் குத்துகிறது. கொஞ்ச நேரத்தில் ரம்மியைப் பற்றிப் பேசும்போது இந்த விவரம் நமக்குத் தேவைப்படும்.

மூளை இப்படி நடந்துகொள்வதை முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது. மாங்காய்க்குக் கல் எறியும் சிறுவனுக்கு, முதல் கல் ஒரு முழம் தள்ளிப் போகிறது, அடுத்தது காம்பை உரசிக்கொண்டு போகிறது. 'நெருங்கிவிட்டோம், விடாதே' என்று மூளை தூண்டுவது அங்கே சரியான அறிவுரை. மூன்றாவது கல்லில் காய் விழும். திறமை வளரும் இடங்களில் எல்லாம் இந்த ஏற்பாடு மனிதனைக் கைவிட்டதில்லை. சூதாட்டத்தில் வளர்வதற்குத் திறமை என்று ஒன்றும் இல்லை. ஆனால் மூளைக்கு அது தெரியாது. பழைய அறிவுரையையே கொடுத்துக்கொண்டிருக்கிறது.

பழக்கம் முற்றியவர்களிடம் இது இன்னும் மோசம். தொடர்ந்து சூதாடுபவர்களை வைத்து 2010-இல் கிளார்க் குழு செய்த அடுத்த ஆய்வில், யாருக்குப் பிரச்சினை தீவிரமாக இருந்ததோ, அவருடைய நடுமூளை நூலிழைத் தவறலுக்கு அதிகமாகத் துடித்தது. டோபமின் சுரக்கும் நரம்பணுக்கள் இருக்கும் இடம் அது. 2014-இல் வெளியான இன்னொரு ஆய்வில், இன்சுலா பகுதி சேதமடைந்த நோயாளிகளிடம் இந்த ஈர்ப்பே காணப்படவில்லை. இவ்வளவுக்குப் பிறகும் "மனசுல உறுதி இல்லை" என்று ஒருவரை ஏசுவது நியாயமில்லை.

டோபமின் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பார்க்கின்சன் நோய்க்குத் தரப்படும் பிராமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மாத்திரைகள் டோபமினைப் போலவே வேலை செய்பவை. இவற்றைச் சாப்பிடும் சிலருக்கு, அதுவரை சீட்டுக்கட்டைத் தொட்டிராதவர்களுக்குக்கூட, திடீரென்று சூதாட்ட வெறி வருவதுண்டு. உங்கள் வீட்டுப் பெரியவரிடம் அப்படி ஒரு மாற்றம் தெரிந்தால் திட்டாதீர்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். நரம்பியல் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள்.

இனி, இந்த பலவீனத்தை வைத்துச் சம்பாதித்தவர்களைப் பார்ப்போம். காசு போட்டு ஆடும் ஸ்லாட் எந்திரத்தில் மூன்று சக்கரங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் 22 இடங்கள் என்று வைத்துக்கொண்டால், பெரும்பரிசு விழ 10,648-இல் ஒரு வாய்ப்பு. 1984-இல் டெல்னேஸ் என்பவர் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை வாங்கினார். கண்ணுக்குத் தெரியும் சக்கரம் அப்படியே இருக்கும். முடிவைத் தீர்மானிப்பதோ உள்ளே இருக்கும் கணினியின் கற்பனைச் சக்கரம். அதில் 64 இடங்கள் வைத்தால், அதே பெரும்பரிசின் வாய்ப்பு 2,62,144-இல் ஒன்றாகிவிடும். ஆடுபவர் கண்ணில் படுவது 22 மட்டுமே. தந்திரம் இத்தோடு நிற்கவில்லை. பெரும்பரிசுப் படத்துக்கு ஒட்டி மேலேயும் கீழேயும் இருக்கும் வெற்று இடங்களுக்குக் கற்பனைச் சக்கரத்தில் அதிகப் பங்கு கொடுத்தார்கள். வெற்று இடம் கோட்டில் வந்து நிற்கும்போதெல்லாம் பரிசுப் படம் ஒரு விரற்கடை தள்ளித் தெரியும். தற்செயலாக நிகழக்கூடியதைவிடப் பல மடங்கு அதிகமாக!

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் இது சர்ச்சையானது. தோல்வி என்று முடிவான பிறகு, வெற்றியை நெருங்கியது போன்ற ஒரு காட்சியைக் கோட்டிலேயே நிறுத்திக் காட்டும்படி ஒரு ஜப்பானிய நிறுவனம் தன் எந்திரங்களை அமைத்திருந்தது. 1989-இல் அந்த மாநிலத்தின் சூதாட்ட ஆணையம் அதை அனுமதிக்க மறுத்தது. ஆனால் கோட்டுக்கு மேலும் கீழும் ஆசை காட்டும் கற்பனைச் சக்கரத்தை விட்டுவிட்டது. இரண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டும் திட்டமிட்டுச் செய்யப்படும் ஏமாற்றுதான்.

நம் ஊரில் இந்தக் கதை கைபேசி வழியாக வந்தது. பதின்மூன்று சீட்டு ரம்மியில் ஒரே ஒரு கார்டுக்காகக் காத்திருக்கும்போது எதிராளி 'டிக்ளேர்' செய்துவிடுகிறார். திரையில் உங்கள் கை விரிகிறது: எல்லாம் சேர்ந்திருக்கிறது, அந்த ஒரு கார்டைத் தவிர. அடுத்த ஆட்டம் தொடங்கச் சில நொடிகள்தான். ரம்மி திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டின் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் ஏற்றுக்கொண்டபோதும், ரம்மி, போக்கர் இரண்டையும் சூதாட்டப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டதற்கு அதுவே காரணம். சட்டத்தின் வாதம் எப்படியோ போகட்டும். கேம்பிரிட்ஜ் ஆய்வை நினைத்துப் பாருங்கள். 'என் ஆட்டம், என் முடிவு' என்று நம்பும் இடத்தில்தான் நூலிழைத் தவறல் ஆளை இழுக்கிறது. திறமை கலந்த ஆட்டம் பணத்தோடு சேரும்போது ஆபத்து குறைவதில்லை, கூடுகிறது என்பதே என் கருத்து.

2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்திய அரசின் இணைய விளையாட்டுச் சட்டம் இந்தத் திறமை, அதிர்ஷ்ட வாதத்தை ஓரங்கட்டிவிட்டது. பணம் கட்டி, பணம் எதிர்பார்த்து ஆடும் எந்த இணைய ஆட்டத்தையும் நடத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். விளம்பரம் செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். ஆடியவருக்கு இந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை. நிறுவனங்கள் இதை எதிர்த்து நீதிமன்றம் போயிருக்கின்றன. மாநிலச் சட்டத்தில் சூதாடியவருக்கும் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. அதற்குப் பயந்து புகார் கொடுக்கத் தயங்குபவர்கள் இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணில் பேசி, ஆலோசனை பெற்ற பிறகு முடிவெடுக்கலாம்.

போலிச் செயலி பணத்தைப் பிடுங்கியிருந்தால் 1930-க்கு உடனே அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பு அதிகம். பந்தயத்தில் தோற்ற பணத்தைக் கேட்டு யாராவது மிரட்டினால், 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 30-ஆவது பிரிவு என்று சொல்லுங்கள். பந்தய ஒப்பந்தம் செல்லாது. அதைக் காட்டி நீதிமன்றத்தில் பணம் கேட்க முடியாது. ஆனால் ஆட்டத்துக்காக வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ வாங்கிய கடன் கடன்தான். அங்கேயும் உங்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறது. ரிசர்வ் வங்கி விதிப்படி, வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் தவணைக்காக அழைக்கக் கூடாது. கடன் செயலி உங்கள் கைபேசியில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் தொடக் கூடாது. மீறினால் முதலில் அந்த நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். பலனில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். வழி கேட்க 14448. கந்துவட்டி என்றால் அதற்கென்றே தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

குடும்பத்தார் அடிக்கடி செய்யும் ஒரு தவறைச் சொல்ல வேண்டும். கடன் தெரிய வந்ததும் நகையை அடகு வைத்து மொத்தத்தையும் ஒரே நாளில் அடைத்துவிடுவார்கள். "இனிமே தொட மாட்டேன்" என்று ஆடியவரும் சத்தியம் செய்வார். அந்தச் சத்தியம் உண்மையானதுதான். ஆனால் கடன் பாரம் இறங்கிய இரண்டாவது மாதத்தில் 'விட்டதைப் பிடிச்சிரலாம்' என்ற எண்ணம் எட்டிப் பார்க்கும். கையில் அதே கைபேசியும் அதே வங்கிக் கணக்கும் இருக்கும். ஆகவே முதலில் சம்பளக் கணக்கை நம்பிக்கையான ஒருவர் பொறுப்பில் விடுங்கள். யுபிஐ வரம்பைக் குறையுங்கள். செயலிகளை நீக்குங்கள். கடன் பட்டியலை உட்கார்ந்து முழுதாக எழுதுங்கள். பிறகு தவணையாக அடைக்கலாம். எதையும் மறைக்காமல் சொன்னதற்காக அவரை அவமானப்படுத்தாதீர்கள். அடுத்த முறை அவர் சொல்லாமல் போய்விடுவார்.

சிகிச்சையும் இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் சூதாட்டக் கோளாறை மது, போதைப் பழக்கங்களோடு ஒரே பிரிவில் வைத்துவிட்டது. எண்ணங்களை மாற்றப் பழக்கும் உளவியல் சிகிச்சை பலன் தருகிறது. 'நெருங்கிட்டோம்' என்ற நினைப்பு எழும்போதே அதைத் தோல்வி என்று அடையாளம் காணப் பயிற்றுவிப்பது அதில் ஒரு பகுதி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸில் தொழில்நுட்ப அடிமைத்தனத்துக்கென்றே தனி மையம் இருக்கிறது.

சூதாட்டத்தில் சிக்கியவர் சாவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் ஒரு மணி நேரமும் தள்ளிப் போட வேண்டாம், அவரைத் தனியாகவும் விட வேண்டாம். டெலிமானஸ் 14416, தமிழ்நாடு சுகாதார உதவி எண் 104, சென்னை சினேகா 044-24640050. இந்த மூன்று எண்களையும் இப்போதே உங்கள் கைபேசியில் பதிந்துவைத்துக்கொள்ளுங்கள். 14416-இல் 24 மணி நேரமும் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம்.