காட்டுத் தீயும் பச்சைக் கிளையும்

மாசி பிறந்துவிட்டால் நம் பெஹாலாவில் ஒரு பேச்சு கிளம்பிவிடும். "புருலியாவில் பலாசு பூத்தாச்சாம், போகலாமா?" சௌரஸ்தா டீக்கடையிலும் இதே பேச்சு, பர்ணஸ்ரீ அடுக்ககங்களின் மாடிப்படியிலும் இதே பேச்சு. நம்மவர்களும் சளைத்தவர்கள் அல்லர். இரண்டு மூன்று வண்டி பேசி, புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு அயோத்யா மலைக்குப் புறப்பட்டுவிடுகிறோம். பலாசு வேறொன்றுமில்லை, நம் புரசு மரம்தான். சென்னைப் புரசைவாக்கத்துக்குப் பெயர் தந்த மரம் என்பார்கள்.

இந்த ஆண்டு அப்படிப் புறப்பட்ட கூட்டத்தில் கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி என்னிடம், "மாமா, இந்த சீசன்லதான் அங்க காட்டுல தீ பிடிக்குமாமே? பிடிச்சா ஃபயர் எஞ்சின் வருமா?" என்று கேட்டாள். "வராதும்மா. வண்டிக்கு அங்க ரோடே கிடையாது" என்றேன். "அப்ப யாரு அணைப்பா?" என்றாள். காடுகளை அளந்து கணக்கெடுக்கும் மத்திய அரசு வேலையில் 30 ஆண்டுகளுக்கு மேல் அலைந்தவன் நான். தீயணைப்பது என் வேலை இல்லை. ஆனால் அணைப்பவர்களோடு தங்கி, அவர்கள் சோற்றைத் தின்று, சில சமயம் அவர்களோடு ஓடியும் இருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு வண்டி கிளம்பும் அவசரத்தில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இந்த மலரில் சொல்லலாம் என்று தோன்றிற்று.

அமெரிக்காவில் காட்டுத் தீயை அணைப்பதற்கென்றே பயிற்சி பெற்ற தனிப் படைகள் உண்டு. விமானத்திலிருந்து பாராசூட் கட்டிக் குதிப்பவர்கள்கூட இருக்கிறார்கள். நம் நாட்டில் பெரும்பாலும் வனக்காவலரும், கோடை நான்கு மாதத்துக்கு மட்டும் தினக்கூலிக்கு அமர்த்தப்படும் தீக்காவலர்களும்தான் அந்தப் படை. தீக்காவலர் அநேகமாக அந்தக் காட்டை ஒட்டிய ஊர்க்காரராகவோ பழங்குடியினராகவோ இருப்பார். காலில் ரப்பர் செருப்பு, தலையில் துண்டு, கையில் அப்போதுதான் ஒடித்த பச்சைக் கிளை. இன்றைக்குச் சில இடங்களில் முதுகில் மாட்டும் காற்றூதி இயந்திரம் வந்திருக்கிறது. சருகை ஊதித் தள்ள அது அருமையான சாதனம். ஆனாலும் பச்சைக் கிளை இன்னும் ஓய்வு பெறவில்லை.

கிளையால் அடித்துக் காட்டுத் தீயை அணைக்க முடியுமா என்று கேட்பீர்கள். சினிமாவில் காட்டுவதுபோல மரஉச்சியில் தாவித் தாவி எரியும் தீ நம் காடுகளில் குறைவு. இங்கே பெரும்பாலும் தரைத் தீதான். சருகும் புல்லும் எரியும், மரம் கருகி நிற்கும். முழங்கால் உயரத் தீயை நாலு பேர் வரிசையாக நின்று, ஓரத்திலிருந்து அடித்துக்கொண்டே போனால் அடக்கிவிடலாம். நேர் எதிரில் நின்று அடிக்கக்கூடாது, பக்கவாட்டில்தான் அடிக்கவேண்டும். கிளையை ஓங்கித் தூக்கினால் பொறி பறந்து பின்னால் விழும். ஆகவே தரையோடு அழுத்தித் தேய்ப்பார்கள்.

ஆனால் இந்தப் பாடம் ஒரு காட்டில் செல்லும், அடுத்த காட்டில் செல்லாது. இதைத்தான் நான் ஊர் ஊராகப் போய்க் கற்றுக்கொண்டேன்.

முதலில் நமக்குப் பக்கத்திலிருக்கும் பாங்குரா, புருலியா, ஜார்கிராம் பகுதிச் சால் காடுகள். சால் மரம் மாசி பங்குனியில் பெரிய பெரிய இலைகளை உதிர்க்கும். தரை முழுக்க அப்பளம் பரப்பினாற்போல் கிடக்கும், நடந்தால் நொறுங்கும். அதே சமயத்தில்தான் மஹுவா பூ உதிரும். மஹுவா நம் ஊர் இலுப்பைக்கு உடன்பிறப்பு. விடியற்காலையில் உதிரும் அந்தப் பூவைப் பொறுக்கி விற்பது அங்குள்ள ஏழைக் குடும்பங்களுக்குக் கோடைகால வருமானம். சருகுக்குள் பூ கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதனால் முதல் நாளே மரத்தடிச் சருகைக் கொளுத்தித் தரையைச் சுத்தம் செய்வார்கள். பத்தில் ஒன்பது முறை தீ அங்கேயே அணைந்துவிடும். பத்தாவது முறை காற்று வரும்.

சால் சருகுத் தீயை அடித்தால் சருகு சிதறித் தீ பரவும். அங்கே அடிப்பது கிடையாது, பெருக்குவதுதான். தீக்கு முன்னால் போய் இரண்டடி மூன்றடி அகலத்துக்குச் சருகை ஒதுக்கி மண்ணைக் காட்டிவிட்டால், அந்தக் கோட்டுக்கு வந்து தீ தானாகப் படுத்துவிடும். ஒரு பங்குனி மாலையில், பாங்குராவின் தெற்கில், ஒரு வயதான காவலர் எங்களுக்கு முன்னால் போய்ப் பெருக்கிக்கொண்டிருந்தார். திடீரென்று நின்று முகத்தைத் தூக்கி, "பாதாஸ் கூரே கேச்சே" என்றார். காற்று திரும்பிவிட்டது என்று நமக்கெல்லாம் புரியும் வங்காளம்தான். எனக்குக் காற்று மாறியதே தெரியவில்லை. அவர் எங்களை இழுத்துக்கொண்டு, ஏற்கெனவே எரிந்து கறுத்துக் கிடந்த பக்கம் போய்விட்டார். இரண்டு நிமிஷத்தில் நாங்கள் நின்றிருந்த இடம் புகைக்குள் மறைந்தது. தீயைவிட அவர் பயந்தது யானைக்கு. தல்மா பக்கத்திலிருந்து வரும் கூட்டம் புகைக்கு மிரண்டு எந்தப் பக்கம் ஓடிவருமோ தெரியாதல்லவா.

மேற்கு மேதினிபூரில் ஆரபாரி என்று ஓர் இடம் இருக்கிறது. 1972-ல் ஏ.கே. பானர்ஜி என்ற வன அதிகாரி அங்கே சுற்று ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு, நீங்கள் காட்டைக் காப்பாற்றுங்கள், வருமானத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு என்று ஏற்பாடு செய்தார். இந்தியா முழுவதும் பிற்பாடு பரவிய கூட்டு வன மேலாண்மைக்கு அதுதான் முன்னோடி. மரம் தன் பங்கு என்று தெரிந்தவன் தீயைப் பார்த்தால் சொல்லியனுப்பக் காத்திருக்க மாட்டான், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடுவான். நான் பார்த்த தீயணைப்பு ஏற்பாடுகளில் செலவு குறைந்ததும் பலன் அதிகமானதும் இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

அடுத்தது உத்தராகண்ட். அங்கே சீர் பைன் மரம். அதன் ஊசி இலைச் சருகைப் பிரூல் என்கிறார்கள். எண்ணெய்ப்பசை உள்ள சருகு, மழை பெய்தாலும் சீக்கிரம் காய்ந்துவிடும். காலை வைத்தால் வழுக்கும். பிசினுக்காக மரத்தில் கீறிய இடத்தில் தீ பட்டால் மரமே திரியாகிவிடும். இதற்கு மேல் ஒரு தொல்லை உண்டு, பைன் காய். தீயை ஒரு மலைச்சரிவில் மேலே வைத்துத் தடுத்துவிட்டோம் என்று காவலர்கள் பெருமூச்சு விடும்போது, எரியும் காய் ஒன்று உருண்டு கீழே போய் அடிவாரத்தில் புதுத் தீயை மூட்டிவிடும். அப்புறம் தீ கீழே, ஆட்கள் மேலே. அங்குள்ள காவலர்கள் குறுக்கே பள்ளம் வெட்டி, உருளும் காயைப் பிடிக்க ஒரு ஆளையே நிறுத்துவார்கள். 2016-ஆம் ஆண்டு வசந்தத்தில் அந்த மாநிலம் பற்றி எரிந்தபோது விமானப்படை ஹெலிகாப்டர்கள் பீம்தால் ஏரியிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றின. தொலைக்காட்சியில் அதைத்தான் காட்டினார்கள். ஹெலிகாப்டர் போனபிறகு புகைகிற கட்டைகளைப் புரட்டிப் புரட்டி அணைத்தவர்களை யாரும் காட்டவில்லை. 2024 ஜூன் 13-ஆம் தேதி அல்மோரா மாவட்டம் பின்சர் சரணாலயத்தில் தீயணைக்க வண்டியில் போய் இறங்கிய வனப் பணியாளர்கள் தீயில் சிக்கிக்கொண்டார்கள். நான்கு பேர் அங்கேயே மாண்டார்கள். அதற்கு முன் 2020 பிப்ரவரியில் கேரளத்தின் திருச்சூர் மாவட்டம் கொற்றம்பத்தூரில் மூன்று காவலர்கள் இதேபோல் போனார்கள்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். முதுமலையில் மார்கழி தை மாதங்களிலேயே சாலையோரமும் எல்லையோரமும் புல்லை வெட்டி, வேண்டுமென்றே எரித்துத் தீத்தடுப்புக் கோடு போட்டுவிடுவார்கள். கோடையில் வரும் தீக்கு அங்கே தின்ன ஒன்றும் இருக்காது. ஆனால் காட்டுக்குள் உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது. அலங்காரத்துக்காக வெள்ளைக்காரன் கொண்டுவந்த செடி. தரைத்தீ அதில் ஏறினால் தலைக்கு மேல் போய்விடும், கிளை பயன்படாது. அங்கே ஒரு தீக்காவலர் என்னிடம் சொன்னார்: "சார், புல்லுத் தீ ஓடும், சருகுத் தீ நடக்கும், உண்ணித் தீ எகிறும். எதுன்னு பாத்துட்டுத்தான் கிட்ட போவோம்." நான் படித்த பாடப்புத்தகங்களில் இது மூன்று அத்தியாயம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான சரிவுகளில் காய்ந்த புல்தான் பிரதானம். போடி மலைப்பக்கம் வேலை நிமித்தம் நான் நடந்திருக்கிறேன். சரிவு செங்குத்து, புல் ஆள் உயரம். வெப்பம் மேல்நோக்கிப் போகும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். சரிவில் தீ எரியும்போது மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடுகிறது. சரிவு 10 பாகை கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், 20 பாகைக்கு நான்கு மடங்கு என்பது ஆஸ்திரேலியர்கள் கண்ட கணக்கு. மனிதன் கதை நேர்மாறு. மேட்டில் ஏற ஏற அவன் வேகம் குறையும்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. ஓய்வு பெற்று இங்கே பெஹாலா வீட்டில் உட்கார்ந்திருந்தேன். தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கிக்கொண்டார்கள் என்று தொலைக்காட்சியில் ஓடிற்று. கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்த, சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்தும் வந்த 30-க்கும் மேற்பட்டவர்கள். பலர் இளம் பெண்கள். என் தங்கை மகள் சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கிறாள், வாரக் கடைசியில் மலையேறும் பழக்கம் உண்டு. போன் போட்டால் எடுக்கவில்லை. ஒன்பது மணிக்குத்தான் அவளே கூப்பிட்டு, "மாமா, நான் வீட்லதான் இருக்கேன், தூங்கிட்டேன்" என்றாள். அந்த இரண்டு மணி நேரம் நான் அந்தச் சரிவிலேயே நின்றுகொண்டிருந்தேன். மருத்துவமனையில் இறந்தவர்களையும் சேர்த்து 20-க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. முதலில் மேலே ஓடி, காயம்பட்டவர்களைத் துணியில் கட்டித் தூக்கி வந்தவர்கள் அடிவாரத்து ஊர்க்காரர்கள். ஹெலிகாப்டர்கள் பிறகு வந்தன. தீயைக் கண்டு பதறிச் சிதறி ஓடியவர்களில் சிலர் பள்ளத்தில் விழுந்தார்கள் என்று செய்திகள் கூறின. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஓடாதே என்று சொல்லிக்கொடுக்க அவர்களுக்கு அன்று யார் இருந்தார்கள்?

இங்கே ஒரு பழைய சம்பவத்தைச் சொல்லவேண்டும். 1949 ஆகஸ்ட் 5-ஆம் தேதி அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கில் பாராசூட் வீரர்கள் தீயணைக்க இறங்கினார்கள். தீ அவர்களைத் துரத்திற்று. முன்னால் செங்குத்தான புல்சரிவு. தலைவர் வாக்னர் டாட்ஜ் ஓடுவதை நிறுத்தி, தீக்குச்சியைக் கிழித்துத் தன் முன்னால் இருந்த புல்லுக்கே தீ வைத்தார். அது மேலே எரிந்துகொண்டு போக, அது விட்டுச்சென்ற சாம்பலில் குப்புறப் படுத்துக்கொண்டு மற்றவர்களையும் வரச் சொன்னார். மனுஷனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தார்களோ என்னவோ, ஒருவரும் வரவில்லை. பெருந்தீ வந்தது, எரிக்க ஒன்றுமில்லாத அந்தச் சாம்பல் வட்டத்தைச் சுற்றிக்கொண்டு போயிற்று. டாட்ஜ் பிழைத்தார். பாறை இடுக்கு வழியாக மேலேறி இரண்டு பேர் பிழைத்தார்கள். 13 பேர் மாண்டார்கள். இதைப் படித்தபோது, பாங்குராவில் என் கையைப் பிடித்துக் கறுத்த தரைக்கு இழுத்துப்போன காவலர்தான் நினைவுக்கு வந்தார். அவர் மான்டானாவைக் கேள்விப்பட்டதில்லை.

இன்று செயற்கைக்கோள் உண்டு. டேராடூனிலுள்ள இந்திய வன அளவை நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் வழியாகத் தீயைக் கண்டு மாநிலங்களுக்குத் தகவல் அனுப்புகிறது. முதலில் ஒரு கிலோமீட்டர் கட்டமாகத் தெரிந்தது, 2017 முதல் 375 மீட்டர் கட்டமாகவும் தெரிகிறது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் 375 மீட்டர் கட்டத்துக்குள் மஹுவா மரத்தடியில் எரிவதும் வயலில் தாள் எரிவதும் ஒரே புள்ளிதான். ஒருதரம் அப்படி ஒரு புள்ளியைத் தேடி உச்சிவெயிலில் ஆறு கிலோமீட்டர் நடந்துபோனோம். அங்கே ஒரு விவசாயி தன் வயலில் குப்பையை எரித்துவிட்டு வேப்பமரத்தடியில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். எங்களுக்கும் கொடுத்தார்.

ஆகவே, பலாசு பார்க்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சருகுக் காட்டில் அடுப்பு மூட்டவேண்டாம், பீடி சிகரெட்டை அணைத்து டப்பாவில் போட்டுக் கொண்டுவந்துவிடுங்கள். புகை தெரிந்தால் வேடிக்கை பார்க்க நெருங்காதீர்கள், புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று முதலில் பாருங்கள். நைலான் துணி உருகித் தோலில் ஒட்டும், பருத்தி நல்லது. தீ கீழேயிருந்து வந்தால் மேட்டை நோக்கி ஓடாமல், குறுக்காக விலகி, பாறைக்கோ வெறும் மண்ணுக்கோ எரிந்து தணிந்த கறுப்புத் தரைக்கோ போய்விடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கூட ஒரு உள்ளூர்க்காரரை அழைத்துக்கொள்ளுங்கள். நூறு இருநூறு ரூபாயில் பேரம் பேசவேண்டாம்.

என்னோடு வேலை பார்த்த தீக்காவலர்களில் ஒருவருக்கு, நான் பெயர் சொல்ல விரும்பாத ஓர் இடத்தில், கோடைக்காலக் கூலி அடுத்த ஐப்பசியில்தான் கைக்கு வந்தது. கேட்டதற்குச் சிரித்துக்கொண்டு, "பூஜைக்கு முன்ன வந்தாச்சே சார்" என்றார்.

பாங்குராக் காவலர் இப்போது வேலையில் இல்லை, மகன் அந்த வேலைக்கு வந்திருக்கிறான். பங்குனியில் ஒருமுறையாவது போன் பண்ணிவிடுவேன். போன மாதம் பண்ணியபோது, மஹுவா உதிர ஆரம்பித்துவிட்டது, பையன் ராத்திரி வீட்டுக்கு வருவதில்லை என்றார். கிழவருக்கும் தூக்கம் வருவதில்லையாம், வாசலில் கட்டிலைப் போட்டுக்கொண்டு காட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாராம்.