கணினி விளையாட்டுக்குப் பூட்டு: யாருக்கு லாபம், யாருக்குத் தொல்லை?

இருபது ஆண்டுகளுக்கு முன் பாசார் மாலாமில் கணினி விளையாட்டுக் குறுந்தட்டுகள் ஐந்து வெள்ளிக்கும் பத்து வெள்ளிக்கும் விற்றது பலருக்கு நினைவிருக்கும். அசல் தட்டு வாங்க நூறு வெள்ளிக்கு மேல் வேண்டும். கள்ளத் தட்டுகளை ஒடுக்க 2000-ஆம் ஆண்டிலேயே ஒளித்தட்டுச் சட்டம் வந்தது. 2007-இல் தட்டுகளை மோப்பம் பிடிக்கும் லக்கி, ஃபுளோ என்ற இரண்டு நாய்களும் நம் நாட்டுக்குக் கொண்டு வரப்பட்டன.

இன்று அந்தக் கடைகள் அருகிவிட்டன. கள்ளப் பிரதிகள் இணையத்துக்கு மாறிவிட்டன. அதனால் நிறுவனங்கள் விளையாட்டுக்குள்ளேயே பூட்டுப் போடுகின்றன. அந்தப் பூட்டு உண்மையில் பயன் தருகிறதா? பிள்ளைகளுக்குப் பணம் கொடுத்து விளையாட்டு வாங்கித் தரும் பெற்றோரும் கேட்க வேண்டிய கேள்வி இது.

பூட்டு எப்படி வேலை செய்கிறது?

தொடக்கத்தில் அசல் தட்டு கணினிக்குள் இருந்தால்தான் விளையாட்டு திறக்கும். சாதாரண முறையில் நகல் எடுக்க முடியாத ஓர் அடையாளம் அந்தத் தட்டில் இருக்கும். பிறகு, இணையம் வழியாகப் பதிவு செய்து, இத்தனை கணினியில்தான் போடலாம் என்று வரம்பு வைத்தார்கள். 2014 முதல் டெனுவோ என்ற பூட்டு பரவியது. இது விளையாட்டின் நிரலைச் சிக்கலாக்கி, உடைப்பவரின் வேலையைக் கடினமாக்குகிறது. உடைக்கவே முடியாது என்பதல்ல. உடைக்க நாளாகும், அவ்வளவுதான்.

நிறுவனத்துக்கு என்ன லாபம்?

வில்லியம் வோல்க்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர், டெனுவோ போட்ட 86 விளையாட்டுகளை ஆராய்ந்து 2024-இல் முடிவை வெளியிட்டார். விளையாட்டு வெளிவந்தவுடனே பூட்டு உடைந்தால், மொத்த வருமானத்தில் சராசரியாக 20 விழுக்காடு வரை குறைகிறது. 12 வாரம் வரை பூட்டு தாங்கிவிட்டால், அதன் பிறகு உடைந்தாலும் இழப்பு ஏறக்குறைய இல்லை.

காரணம் எளிது. பெரும்பாலான விற்பனை முதல் சில வாரங்களிலேயே நடந்து முடிகிறது. ஆகவே பூட்டு வீண் என்று சொல்ல முடியாது. ஆனால் அதன் பயன் மூன்று மாதத்துக்குத்தான்.

காசு கொடுத்தவருக்கு என்ன தொல்லை?

2008-இல் ஸ்போர் என்ற விளையாட்டு வந்தது. மூன்று கணினியில் மட்டுமே பதிவு செய்யலாம் என்றார்கள். கணினியை அழித்து மறுபடி அமைத்தாலே ஒரு வாய்ப்பு போய்விடும். பழைய கணினியைப் பழுது பார்த்துப் பழுது பார்த்துப் பயன்படுத்தும் வீடுகளுக்கு இது எவ்வளவு சிரமம் என்று சொல்ல வேண்டியதில்லை. விற்பனைக்கு வரும் முன்பே அதன் கள்ளப் பிரதி இணையத்தில் வந்துவிட்டது. அதை எடுத்தவர்களுக்கு எந்த வரம்பும் இல்லை! வாங்கியவர்கள் கொதித்தெழுந்த பிறகு வரம்பு ஐந்தாக உயர்த்தப்பட்டது.

2013-இல் வந்த சிம்சிட்டி, இணையத் தொடர்பு இல்லாமல் ஓடாது. முதல் வாரத்தில் நிறுவனத்தின் சர்வர் கூட்டம் தாங்காமல் திணறியது. பணம் கட்டியவர்கள் விளையாட முடியாமல் காத்திருந்தார்கள். இணையம் இன்றி விளையாடும் வசதி ஓராண்டு கழித்தே வந்தது. லைன் அடிக்கடி அறுந்துபோகும் தோட்டப்புற வீட்டில் இப்படிப்பட்ட விளையாட்டு வாங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, பூட்டுக்கும் வயதாகிறது. சேஃப்டிஸ்க் என்ற பழைய பூட்டு பாதுகாப்பற்றது என்று மைக்ரோசாஃப்ட் 2015-இல் விண்டோஸ் 10-இலிருந்து அதை நீக்கியது. அந்தப் பூட்டு போட்ட அசல் தட்டுகள் பல அதில் ஓடவில்லை. அலமாரியில் தட்டு பத்திரமாக இருக்கிறது, ஆனால் திறக்காது.

வேறு வழி உண்டா?

உண்டு. 2016 மே மாதம் வெளிவந்த டூம் விளையாட்டிலிருந்து, அதே ஆண்டு டிசம்பரில் டெனுவோ நீக்கப்பட்டது. போலந்து நாட்டின் சிடி புரோஜெக்ட் நிறுவனம், 2015-இல் தனது விட்சர் 3 விளையாட்டைக் கணினிக்குப் பூட்டு இல்லாமலே விற்றது. எல்லாச் சாதனங்களிலும் சேர்த்து 5 கோடி பிரதிகளுக்கு மேல் விற்றுவிட்டதாக அந்நிறுவனம் 2023-இல் அறிவித்தது. தரமும் நியாயமான விலையும் இருந்தால் மக்கள் வாங்கவே செய்கிறார்கள்.

அதற்காகப் பூட்டை நாமே உடைக்கலாம் என்று பொருளல்ல. நம் நாட்டின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி அது குற்றம். உடைத்த பிரதிகளோடு வைரசும் சேர்ந்து வருவதுண்டு. அதே கணினியில்தான் பலர் வங்கிக் கணக்கையும் திறக்கிறார்கள்.

வாங்கும் முன் கவனிக்க

• எப்போதும் இணையம் தேவையா என்று விற்பனைப் பக்கத்தில் பாருங்கள். வேறு நிறுவனத்தின் பூட்டு இருந்தால் ஸ்டீம் கடையில் அதைக் குறிப்பிடுவார்கள்.

• ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

• அவசரம் இல்லையென்றால் சில மாதம் பொறுங்கள். விலை குறையும், சில வேளை பூட்டும் போயிருக்கும்.

விளைந்த பயிருக்கு வேலி போடுவது நியாயம்தான். அறுவடை முடிந்த பிறகும் காசு கொடுத்தவரையே வேலிக்கு வெளியே நிறுத்தி வைப்பதில் நியாயம் இல்லை. மூன்று மாதத்தில் வேலை முடிந்த பூட்டை நிறுவனங்களே கழற்றிவிட வேண்டும்.