கலிங்கில் கட்டிய கம்பி வலை

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர்களுக்கு இது தெரியும். வரப்பு தன் உயரத்துக்குத் தேங்கிய தண்ணீரை நாள் முழுக்கத் தாங்கி நிற்கும். ஓரிடத்தில் நூல் கனத்துக்கு அதன் தலைக்கு மேல் வழிய ஆரம்பித்துவிட்டால் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். நூல் விரல் கனமாகும், விரல் கை அகலமாகும், நாம் போய்ச் சேர்வதற்குள் வரப்பு வாய் பிளந்திருக்கும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், 22 மீட்டர் உயரமும் 280 மீட்டருக்கு மேல் நீளமும் கொண்ட ஒரு மண் அணைக்கும் இதே கதிதான் நேர்ந்தது. சவுத் ஃபோர்க் அணை என்று பெயர். உடைந்த நாள் 1889 மே 31.

மண்ணால் தண்ணீரை எப்படித் தடுக்க முடிகிறது என்பதே ஓர் ஆச்சரியம். எல்லாம் எடைதான். அடியில் பரந்து மேலே குறுகும் அந்தக் குவியலை ஏரி பக்கவாட்டில் தள்ளுகிறது. குவியலின் பாரமும் அடித்தரையோடு அதற்குள்ள உராய்வும் அதை நகரவிடுவதில்லை. களிமண்ணைப் படலம் படலமாகப் போட்டு இறுக்கியிருந்தால் உள்ளே ஊறும் நீரும் மெல்லத்தான் நகரும். இப்படிக் கட்டிய கரை தலைமுறைகளைத் தாண்டி நிற்கும்.

அதே தண்ணீர் கரையின் தலைக்கு மேல் ஏறிவிட்டால் கணக்கு மாறுகிறது. பின்சரிவில் இறங்கும்போது அது வேகம் பிடிக்கிறது. அங்கே ஒவ்வொரு மண் துகளையும் பிடித்து வைத்திருப்பது அதன் சிறு எடையும் கொஞ்சம் ஒட்டும் குணமும் மட்டுமே. முதலில் சரிவில் ஒரு பள்ளம் விழும், பள்ளம் ஒரு படியாகும். தண்ணீர் அந்தப் படியிலிருந்து குதித்துக் குதித்து அடியை அரிக்க, படி ஏரியை நோக்கிப் பின்வாங்கும். கரையின் உச்சியை அது எட்டியதும் உச்சியே தாழ்ந்துபோகும். வழியும் நீரின் ஆழம் இரண்டு மடங்கானால் பாயும் அளவு ஏறக்குறைய மூன்று மடங்காகும். அதிகம் பாய்ந்தால் அதிகம் அரிக்கும், அதிகம் அரித்தால் இன்னும் அதிகம் பாயும். அதற்குப் பிறகு மனிதக் கை எதுவும் செய்வதற்கில்லை.

மண் அணையின் உயிர், தண்ணீர் வெளியேறும் வழிகளில் இருப்பது இதனால்தான். அடியில் மதகு, மிகுந்த நீர் போக நம்மவர்கள் கலிங்கு என்று சொல்லும் போக்கிடம், இவற்றுக்கு மேல் வெள்ளம் தொடக்கூடாத அளவுக்குக் கரையின் உயரம். சவுத் ஃபோர்க்கின் கதை இந்த மூன்றையும் ஒவ்வொன்றாக இழந்த கதை.

படகுக் கால்வாய்க்குத் தண்ணீர் கொடுக்க மாநில அரசு கட்டி 1853-இல் முடித்த அணை அது. அடியில் ஐந்து வார்ப்பிரும்புக் குழாய்கள் இருந்தன. ரயில் வந்ததும் கால்வாய் வேண்டாததாயிற்று, அணை தனியாருக்குக் கைமாறியது. 1862-இல் ஒரு பகுதி உடைந்தது. ஏரியில் அதிகம் தண்ணீர் இல்லாததால் பெரிய சேதமில்லை. இடையில் வாங்கிய ஒருவர் குழாய்களைப் பெயர்த்துப் பழைய இரும்பாக விற்றார். 1879-இல் மீன்பிடிப்புக்கும் வேட்டைக்குமான ஒரு சங்கத்திடம் அது வந்து சேர்ந்தது. ஆண்ட்ரூ கார்னகி, ஹென்றி ஃபிரிக் போன்ற பிட்ஸ்பர்க் செல்வந்தர்கள் அதன் உறுப்பினர்கள். படகு விடவும் தூண்டில் போடவும் அவர்களுக்கு ஓர் ஏரி வேண்டியிருந்தது.

உடைந்த இடத்தை மண், கல், மரக்கிளை, வைக்கோல் என்று கிடைத்ததைப் போட்டு அடைத்தார்கள். குழாய்களைத் திரும்பப் பதிக்கவில்லை. இனி ஏரியை இறக்கிவிட்டு அணையைப் பழுது பார்க்க வழியே இல்லை. அணைக்குக் கீழுள்ள பள்ளத்தாக்கின் இரும்பாலையைச் சேர்ந்த ஜான் ஃபுல்டன் என்ற பொறியாளர் 1880-லேயே இந்தக் குறையை எழுதிக் கொடுத்தார். சங்கம் அதைப் பொருட்படுத்தவில்லை. அணைமேல் குதிரை வண்டிகள் எதிரும் புதிருமாகப் போக, உச்சியை இரண்டு மூன்று அடி வெட்டி அகலப்படுத்தினார்கள். மண் அமுங்கும் என்பதால் கரையின் நடுப்பகுதியைச் சற்று உயர்த்திவிடுவது கட்டுமான வழக்கம். இங்கே ஒட்டுப்போட்ட நடுப்பகுதி அமுங்கி, முழுக் கரையிலும் அதுவே தாழ்ந்த இடமாக நின்றது. வழிந்தால் அங்கேதான் வழியும், ஏரி மிக ஆழமாக இருக்கும் இடத்தில்.

கடைசியாக அந்த வலை. காசு கொடுத்து வாங்கி விட்ட பாஸ் மீன்கள் தப்பிவிடக் கூடாதென்று கலிங்கின் குறுக்கே இரும்புக் கம்பி வலை அடித்தார்கள். எனக்கு மனம் ஆறாத இடம் இதுதான். மீன் போகாத கண்ணில் இலையும் போகாது, சுள்ளியும் போகாது. அணை உடைவதற்கு முந்தைய இரவு விடிய விடியக் கொட்டிய மழை காட்டுக் குப்பையை எல்லாம் வாரிக்கொண்டுவந்து அந்தக் கம்பிகளில் அப்பியது. அன்று காலை வேலையாட்கள் கரையில் மண்ணேற்றப் பார்த்தார்கள், ஓரத்தில் புது வாய்க்கால் தோண்டினார்கள், வலையைப் பிடுங்க முயன்றார்கள். குப்பையின் அழுத்தத்தில் அது அசையவில்லை.

பிற்பகல் மூன்று மணி வாக்கில் நடுக்கரை போயிற்று. சுமார் 1.45 கோடி கன மீட்டர் தண்ணீர், நம் செய்தித்தாள் கணக்கில் அரை டி.எம்.சி. 23 கிலோமீட்டர் கீழே ஜான்ஸ்டவுன் நகரத்தை அது அடைந்தபோது 4 மணி 7 நிமிடம். இறந்தவர்கள் 2,200 பேருக்கு மேல். 99 குடும்பங்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. அணை உடையப்போகிறது என்று தந்தி வந்திருந்தது. வெள்ளக் காலம்தோறும் இதே பேச்சைக் கேட்டுச் சலித்திருந்த ஊர் அது.

இன்று அமெரிக்காவின் தேசிய அணைப் பட்டியலில் 90,000-க்கு மேற்பட்ட அணைகள் உள்ளன. பாதிக்கு மேல் தனியாருடையவை, பெரும்பாலானவை மண்ணணைகள். பொழுதுபோக்குக்கென்றே இருப்பவையும் ஏராளம்.

சவுத் ஃபோர்க்கில் அணையின் இரு முனைகளும் இன்னும் நிற்கின்றன, புல் மூடி, இரண்டு குன்றுகளைப் போல. அகலமான பழைய கலிங்கும் ஓரமாக அப்படியே கிடக்கிறது. நடுவில் உள்ள பெரிய இடைவெளியில், ஏரி இருந்த தரை வழியாக, சிற்றாறு ஒன்று தடையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.